உயிர் தாங்கும் இடமும் வாழத் தகுந்த இடமும்

புதிய இடத்துக்குப் போகும் கமக்காரக் குடும்பம் முதலில் என்ன செய்கிறது? கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்கிறது. மண்ணைக் கிளறி, நிறத்தையும் மணத்தையும் பார்க்கிறது. மாரியில் வெள்ளம் எதுவரை ஏறும், கோடையில் கிணறு வற்றுமா என்று அயலாரிடம் விசாரிக்கிறது. இடம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. உங்களில் பலர் ஒருமுறையல்ல, மூன்று நான்கு முறை இந்தச் சோதனையைச் செய்தவர்கள்.

இதே சோதனையைத்தான் இன்று விஞ்ஞானிகள் வேற்று உலகங்களில் செய்துகொண்டிருக்கிறார்கள். செவ்வாயில் தண்ணீர் இருந்ததா? இருந்தால் உவர்ப்பா, நன்னீரா? மண்ணில் என்ன இருக்கிறது? உயிர் ஒன்று அங்கே பிழைக்குமா? இந்த ஆராய்ச்சி எங்கோ வானத்தில் நடப்பது, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொடர்பு உண்டு. ஓர் இடம் வாழத் தகுந்ததா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று அந்த ஆய்வாளர்கள் கற்றுக்கொண்ட பாடங்கள், நமக்குக் காட்டப்படும் காணித் துண்டைப் பார்க்கும்போதும் பயன்படக் கூடியவை.

நான்கு தேவைகள்

உயிர் வாழ நான்கு காரியங்கள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதலாவது, திரவ நிலையில் தண்ணீர். பனிக்கட்டியாகவோ ஆவியாகவோ மட்டும் இருந்தால் போதாது. இரண்டாவது, உடலைக் கட்டும் மூலப்பொருட்கள்: காபன், நைதரசன், பொசுபரசு போன்றவை. மூன்றாவது, சக்தி. அது வெயிலாக இருக்கலாம், பாறையிலிருந்து வரும் இரசாயன சக்தியாகவும் இருக்கலாம். நான்காவது, இவை மூன்றும் ஒரே இடத்தில் நீண்ட காலம் நிலைத்திருத்தல். ஒரு நாள் மழை பெய்து மறுநாள் எல்லாம் காய்ந்துபோகும் இடத்தில் உயிர் வேரூன்றாது.

நான்காவது தேவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

உப்பளத்தில் ஒரு பாடம்

முன்னேஸ்வரத்தில் நின்று மேற்கே போனால் சில கிலோமீற்றர் தூரத்துக்குள் வயல், தென்னை, சிலாபம் நகர், களப்பு, கடல் என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. வடக்கே தெதுறு ஓயாவைக் கடந்து முந்தல், பாலாவி வழியாகப் புத்தளம் போனால் உப்பளங்களைக் காணலாம். உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. பாத்தியில் உப்பு விளையும் தறுவாயில் தண்ணீர் இளஞ்சிவப்பாகவும் சில வேளை செந்நிறமாகவும் மாறும். அந்த நிறத்தைக் கொடுப்பது உயிர்கள்.

கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உப்பு படியும் பாத்தியிலோ அது எட்டு மடங்குக்கும் மேலே போய்விடும். அந்த நீரில் மீன் வாழாது. நெல்லும் புல்லும் கருகிவிடும். ஆனால் துனாலியெல்லா என்ற பாசியும், உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களும் அதில் பெருகுகின்றன. அந்த நுண்ணுயிர்களில் சிலவற்றை நன்னீரில் போட்டால் உடல் வெடித்து இறந்துவிடும். நமக்குச் சாவு தரும் நீர் அவற்றுக்கு வீடு. நமக்கு அமுதமான நீர் அவற்றுக்கு நஞ்சு.

முதற் பாடம் இதுதான். "வாழத் தகுந்த இடம்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. யாருக்கு வாழத் தகுந்தது என்று கேட்க வேண்டும். மீன்பிடிக் குடும்பத்துக்கு நல்ல இடம் வெங்காயம் செய்யும் குடும்பத்துக்கு நல்ல இடமாக இருக்க வேண்டியதில்லை.

காலியில் பிறந்த ஒருவர்

உயிரின் மூலப்பொருட்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முன்னணியில் நின்ற ஒருவர் நம் நாட்டவர். சிறில் பொன்னம்பெரும 1923இல் காலியில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனில் இரசாயனமும், அமெரிக்காவின் பேர்க்லியில் மெல்வின் கல்வினிடம் உயர் ஆய்வும் முடித்து, நாசா நிறுவனத்தில் சேர்ந்தார். ஆதிப் பூமியின் காற்றில் இருந்திருக்கக்கூடிய வாயுக்களை ஆய்வுகூடத்தில் கலந்து சக்தி பாய்ச்சினால், உயிரின் மரபுப் பொருளில் உள்ள அடெனின் என்ற கூறு தானாக உருவாகும் என்பதை 1963இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் வீழ்ந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை அடுத்த ஆண்டு அவருடைய குழு வெளியிட்டது. நம் உடலிலுள்ள புரதங்கள் அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அவை விண்வெளியிலேயே உருவாகின்றன என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. அவர் 1984 முதல் கண்டியில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் பணியாற்றினார். 1994 டிசெம்பரில் காலமானார்.

அவர் தொடங்கி வைத்த வழி இன்னும் நீள்கிறது. பென்னு என்ற சிறு கோளிலிருந்து 120 கிராமுக்குச் சற்று அதிகமான மண்ணை நாசாவின் விண்கலம் ஒன்று 2023 செப்டெம்பரில் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2025 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: உப்பு நீர் மெல்ல மெல்ல வற்றும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படியும் உப்பு வகைகள். பென்னுவின் தாய்க்கோளில் ஒரு காலத்தில், நம் உப்பளப் பாத்தியில் நடப்பது போலவே, உவர் நீர் வற்றியிருக்கிறது.

ஆனால் பென்னுவில் உயிர் காணப்படவில்லை. பொருட்கள் இருந்தன, அவை ஒன்றுகூடி நிலைத்திருக்கும் சூழல் இல்லை. சீமெந்து, மணல், கம்பி எல்லாம் ஓரிடத்தில் குவிந்திருப்பதால் மட்டும் அது வீடாகிவிடாது அல்லவா?

செவ்வாய் பாலையான கதை

2012 ஓகஸ்ட்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிட்டி என்ற ஊர்தி, கேல் பள்ளம் என்ற இடத்தில் பாறையைத் துளையிட்டுப் பொடி எடுத்துச் சோதித்தது. அங்கே முற்காலத்தில் ஏரி இருந்தது. அதன் நீரில் உப்பு குறைவு, புளிப்பும் காரமும் மிகையில்லை, மனிதர் குடிக்கக் கூடிய தன்மையுள்ள நீர் என்று 2013 மார்ச்சில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உயிர் இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. உயிர் வாழத் தகுந்த இடமாக இருந்தது என்றே சொன்னார்கள்.

பிறகு என்ன நடந்தது? செவ்வாயைச் சுற்றியிருந்த காந்தக் காப்பு அற்றுப்போனது. சூரியனிலிருந்து வீசும் துகள்கள் அதன் காற்றைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு போயின. காற்று மெலிந்ததும் நீர் மேற்பரப்பில் திரவமாக நிற்க முடியவில்லை. இன்று அது குளிர்ந்த பாலை.

பாலையைப் பற்றித் தமிழர் ஆழமாகவே சிந்தித்திருக்கிறார்கள். பாலை பிறப்பிலேயே பாலையாக இருந்த நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தபோது பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நம் கரையிலும் அது நடந்திருக்கிறது. 1980களில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை களப்போரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகளும் உவர்ச் சேற்று நிலங்களும் குளங்களாக வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. இறால் இறந்தது, முதலாளிகள் பலர் போய்விட்டார்கள், உப்பேறிய வெறுங்குளங்கள் மிஞ்சின. அந்த மண்ணில் கண்டலும் இல்லை, நெல்லும் இல்லை.

உயிர் தாங்குவது வேறு, வாழ்வது வேறு

இனி இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறேன்.

டைனோகொக்கஸ் என்ற பக்டீரியாவை யப்பானிய ஆய்வாளர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் கட்டி வைத்தார்கள். அங்கே காற்று இல்லை, தண்ணீர் இல்லை, சூரியனின் கொடிய கதிர் நேராகத் தாக்கும். மூன்று ஆண்டுகளின் பின் எடுத்துப் பார்த்தபோது, திரளாக ஒட்டிக்கொண்டிருந்தவற்றில் ஒரு பகுதி உயிரோடு இருந்தது. வெளிப்படையில் இருந்தவை மடிந்து, உள்ளே இருந்தவற்றைக் காத்திருந்தன. இந்த முடிவு 2020இல் வெளியானது.

இதைக் கண்டு, "விண்வெளி வாழத் தகுந்த இடம்" என்று எந்த விஞ்ஞானியும் எழுதவில்லை. ஏன்? அந்தப் பக்டீரியா அங்கே உண்ணவில்லை, வளரவில்லை, ஒன்றுகூடப் பெருகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பூமிக்குத் திரும்பி, நீரும் உணவும் கிடைத்த பின்தான் மீண்டும் வாழத் தொடங்கியது. உயிர் தாங்குதல் ஒன்று, வாழ்தல் இன்னொன்று. ஓரிடம் வாழத் தகுந்ததா என்று முடிவு செய்ய, அங்கே உயிர் சாகாமல் இருக்கிறது என்பது சான்றாகாது. வளர்ந்து பெருகுகிறதா என்பதே அளவுகோல்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யுத்த காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்டன. கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களைப் பார்த்து, "இவர்கள் இங்கே பழகிவிட்டார்கள், இனி இதுவே போதும்" என்று சொல்லப்பட்டதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்கு இந்த ஆய்வுகளின் அளவுகோலைக் கொண்டே பதில் சொல்லலாம். பல ஆண்டுகள் ஓரிடத்தில் தாக்குப் பிடித்தது அங்குள்ள மக்களின் உறுதிக்குச் சான்று. இடத்தின் தகுதிக்குச் சான்று அன்று. வெளியே நின்று மடிந்தவர்கள் உள்ளே இருந்த பிள்ளைகளைக் காத்தார்கள் என்பது உங்கள் குடும்பங்களின் கதையும்தான்.

கிணறு சொல்லும் செய்தி

சரி, நம் கரையில் ஓர் இடத்தின் தகுதியை எப்படி அளப்பது? தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

கற்பிட்டி போன்ற மணற்பாங்கான கரையில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊறும் உவர் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. அதனால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உவர் நீர் 40 அடி மேலேறப் பார்க்கும். ஆகவே கரையோரத்தில் ஆழமாகத் தோண்டுவது ஆபத்து. ஒரே கிணற்றில் மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைப்பதைவிட, ஆழம் குறைந்த பல கிணறுகளில் சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது.

உவர்ப்பைக் கருவியால் அளக்கலாம். மண்ணின் உவர்ப்பு மீற்றருக்கு 1.2 டெசிசீமன் என்ற அளவைத் தாண்டினால் வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு அது 1.5, நெல்லுக்கு 3. நாக்குக்கு உப்புத் தெரியாத நிலையிலேயே வெங்காயத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகையால் கைநீர் அள்ளிச் சுவைக்கும் பழைய சோதனையோடு கருவிச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

நாக்குக்கு ஒருபோதும் தெரியாத இன்னொன்றும் உண்டு. மணலில் இடும் யூரியா போன்ற பசளை மழையோடும் பாசன நீரோடும் கிணற்றுக்குள் இறங்கி நைத்திரேற்றாகச் சேர்கிறது. கற்பிட்டியில் தீவிரமாகப் பயிர் செய்யும் இடங்களின் நிலத்தடி நீரில் இது மிகுந்திருப்பதை 1986இல் வெளியான ஆய்வே எடுத்துக் காட்டியது. இடம்பெயர்ந்த மக்கள் 1990இல் இங்கே வருவதற்கு முன்னரே அது வெளியானது என்பதைக் கவனியுங்கள். வந்தவர்களால்தான் கிணறு கெட்டது என்ற பேச்சுக்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். தாய்ப்பால் இந்த ஆபத்திலிருந்து காக்கிறது. இத்தகைய கிணறு உள்ள வீட்டில் குழந்தைக்கு வேறு நல்ல நீர் தேட வேண்டும்.

நட்ட கன்றும் குடியேற்றிய குடும்பமும்

2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. நல்ல நோக்கம், நிறையப் பணம், நிறையப் படங்கள். அப்படி நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்று மட்டுமே: கற்பிட்டி, பம்பளை, நீர்கொழும்பு. இவற்றில் முதல் இரண்டும் நம் மாவட்டத்திலேயே உள்ளவை.

தோற்ற இடங்களில் ஏன் தோற்றது? கன்றில் குறையில்லை. அலை வந்துபோகும் ஒழுங்கையும் நிலத்தின் உயரத்தையும் உவர்ப்பையும் பாராமல், கிடைத்த வெற்றிடத்தில் நட்டார்கள். நட்ட பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. நட்டபின் கவனித்த இடங்களில் கன்று நிமிர்ந்தது.

மனிதக் குடியேற்றத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வெற்றுக் காணி என்பதால் அது குடியிருக்க ஏற்ற காணியாகிவிடாது. வீட்டுத் திறப்பைக் கையில் கொடுக்கும் நாளோடு வேலை முடிவதில்லை. முதலில் குறிப்பிட்ட நான்காவது தேவை, அதாவது நிலைத்திருத்தல், இங்கேதான் வருகிறது. காணிக்கு உறுதி இல்லாத குடும்பம் தென்னம்பிள்ளை நடாது. நட்டால் காய்க்கும் வரை இருப்போமா என்ற பயம். எவ்வளவு நல்ல மண்ணானாலும், நாளை எழுப்பிவிடப்படலாம் என்ற நிலையில் அது வாழத் தகுந்த இடமாகாது.

வேறு பூமி இல்லை

சூரியனுக்கு அப்பால் பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரிதும் பேசப்படும் கே2-18பி என்ற கோள் 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1977இல் புறப்பட்ட வொயேஜர் விண்கலம் இத்தனை ஆண்டுகளில் கடந்திருப்பது, ஒளி ஏறத்தாழ ஒரே நாளில் கடக்கும் தூரம். ஆகவே இந்தப் பூமி கெட்டால் இன்னொன்றுக்குப் போகலாம் என்பது வெறும் கனவு.

ஆனால் பூமியின் வரலாறு நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்கிறது. இப்பூமி தொடக்கத்தில் நமக்கு ஏற்றதாக இருக்கவில்லை. காற்றில் நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் வெயிலைப் பயன்படுத்தி உணவு செய்து, ஒட்சிசனை வெளியே விட்டன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் தங்கத் தொடங்கியது. உயிர் தனக்குக் கிடைத்த இடத்தில் இருந்துகொண்டே அந்த இடத்தை மாற்றியது.

அந்தத் திறமை கமக்காரரிடம் உண்டு. வெறும் மணலுக்கு இலைகுழையும் சாணமும் போட்டு மண்ணாக்கியவர்கள் நீங்கள். வேலியோரம் கிளிசரியா நட்டு, வெட்டிப் பசளையாக்கியவர்கள் நீங்கள். ஆனால் அந்த உழைப்பு வீணாகாதிருக்க, நீரும் உரிமையும் காலமும் வேண்டும். அவற்றைக் கேட்பது பிச்சை அல்ல.

ஆகவே உங்களுக்கு ஒரு காணி காட்டப்படும்போது, அது பழைய ஊரானாலும் புதிய இடமானாலும், தனித்தனியாக அல்லாமல் சங்கமாகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். கோடையின் கடைசியில் ஒருமுறை, மாரியின் நடுவில் ஒருமுறை பாருங்கள். கிணற்று நீரின் உவர்ப்பையும் நைத்திரேற்றையும் சோதித்துத் தரும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், மண்ணைச் சோதிக்கும்படி கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் கேளுங்கள். முடிவையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறுதி எப்போது கிடைக்கும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு கோளின் மண்ணைப் பொடி செய்து பார்க்க மனிதனால் முடியுமென்றால், உங்கள் பிள்ளைகள் குடிக்கப்போகும் கிணற்றைச் சோதித்துத் தர முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

குழுக்களில் கலந்துரையாட

1. நாம் இப்போது இருக்கும் இடத்தில் நான்கு தேவைகளில் எவை உண்டு, எவை இல்லை?

2. நம் கிணறுகளின் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? முடிவு யாரிடம் இருக்கிறது?

3. நாம் இங்கே உயிர் தாங்குகிறோமா, வாழ்கிறோமா? எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்?